கணினிக் கடிகாரம் திரும்பத் திரும்பத் தாவுகிறது: பேட்டரி மாற்றியும் தீரவில்லை

7 ஜூன் 2025, காலை 10.20 (கேள்வி)

சிங்கப்பூர் பிடோக்கில் என் வீட்டில் இருக்கும் மேசைக் கணினி, விண்டோஸ் 10, வாங்கி ஏழெட்டு ஆண்டுகள் இருக்கும். சில மாதங்களாகக் கடிகாரம் ஒழுங்காக இல்லை. சில நாள் காலையில் திறந்தால் நேரம் தவறாக இருக்கிறது, சற்று நேரத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. போன வாரம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே தேதி மாறிவிட்டது. பொத்தான் பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. மதர்போர்டு போய்விட்டது, புதிய கணினி வாங்குவதே நல்லது என்று பழுதுபார்க்கும் கடையில் சொல்கிறார்கள். புதுப் பேட்டரி போட்டும் நேரம் தாவினால் மதர்போர்டுதான் காரணம் என்பது சரியா?

7 ஜூன், பிற்பகல் 1.05 (பதில்)

சரியில்லை. மதர்போர்டைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கணினியில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று மதர்போர்டில் இருப்பது. நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகத்தை வைத்துக்கொண்டு, கணினி அணைந்திருக்கும்போதும் பொத்தான் பேட்டரியின் தயவில் ஓடிக்கொண்டிருக்கும். மற்றது இயங்குதளம் தனக்குள் எண்ணிக்கொள்ளும் நேரம். கணினி விழிக்கும்போது இயங்குதளம் முதல் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கும். அதன்பிறகு செயலியின் எண்ணிகளைக் கொண்டு தானே எண்ணும், இடையிடையே இணையத்தில் ஒரு நேர வழங்கியைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் தேதி மாறினால் அதில் பேட்டரிக்குப் பங்கில்லை. காலையில் திறக்கும்போது மட்டும் தவறு என்றால்தான் பேட்டரியைப் பற்றிப் பேச வேண்டும், அப்போதும் அது ஒரு காரணம் மட்டுமே.

நீங்கள் இரண்டு விதத் தாவலைச் சொல்கிறீர்கள். இரண்டும் ஒரே நோய் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். இனி நேரம் தவறினால் உடனே சரிசெய்யாமல், கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து எவ்வளவு தவறு என்பதை நிமிடக் கணக்கில் எழுதி வையுங்கள். முன்னாலா பின்னாலா என்பதும் வேண்டும்.

7 ஜூன், இரவு 9.40

"எவ்வளவு தவறினால் என்ன, தவறு தவறுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பழுதின் பெயர் பெரும்பாலும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் சரியாக எட்டு மணி நேரம் தவறினால் இரண்டு இயங்குதளங்கள் ஒரே கடிகாரத்துக்குச் சண்டை போடுகின்றன என்று பொருள், ஏனென்றால் நம் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. சரியாக இரண்டரை மணி நேரம் பின்னால் போனால் கணினி தான் இந்தியாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பல ஆண்டுகள் பின்னால் போய், எப்போதும் அதே தேதியில் நின்றால், அது பயாஸ், அதாவது கணினியை எழுப்பும் மதர்போர்டு நிரல், தன் தொடக்கத் தேதிக்குத் திரும்பியது. பேட்டரியை அங்கேதான் பார்க்க வேண்டும். நாளுக்குச் சில நொடி விலகுவது படிகத்தின் இயல்பு, அதைத் தாவல் என்று சொல்லக்கூடாது. எந்த ஒழுங்கும் இல்லாமல் சில வாரமோ சில மாதமோ தாண்டினால்தான் கதை சுவாரசியமாகும்.

பயிற்சி நிலையம் ஒன்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. வருகிற புகாரெல்லாம் "டைம் சரியில்லை" என்ற அளவில்தான் வரும். எவ்வளவு என்று கேட்டால் முறைப்பார்கள்.

8 ஜூன், காலை 11.30

கேட்டவரின் கணக்கு வந்துவிட்டது: இன்று காலை சரியாக எட்டு மணி நேரம் பின்னால், பதினைந்து நிமிடம் கழித்துத் தானாகச் சரியானது. நேற்றிரவு அந்தக் கணினியைப் பயன்படுத்தியது பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன். அதே கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளமும் இருப்பது தந்தைக்கு இன்றுதான் தெரிந்திருக்கிறது. மகனைத் திட்ட வேண்டாம். பேட்டரிக்குப் பணம் செலவழித்ததற்கு அவர் பொறுப்பில்லை.

நடப்பது இதுதான். மதர்போர்டுக் கடிகாரத்துக்கு நேர மண்டலம் என்ற எண்ணமே கிடையாது. அதில் ஓர் எண் மட்டும் இருக்கும். லினக்ஸ் அந்த எண்ணை யுடிசியாக வைத்துக்கொள்ளும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். மகன் இரவு பத்து மணிக்கு உபுண்டுவில் இருந்தபோது கடிகாரத்தில் பிற்பகல் இரண்டு என்று எழுதப்பட்டிருக்கும். லினக்ஸ் இணைய நேரத்தோடு ஒத்துப்போயிருக்கும்போது அதன் மையப் பகுதியான கருவகம் பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை அதை மதர்போர்டில் எழுதிவைக்கும். காலை ஏழு மணிக்கு நீங்கள் விண்டோஸைத் திறக்கும்போது கடிகாரம் முந்தைய இரவு பதினொன்று என்று காட்டும், விண்டோஸ் அதை அப்படியே நம்பும். பிறகு இணைய நேரத்தைக் கேட்டுச் சரிசெய்து, உள்ளூர் நேரத்தை மதர்போர்டில் எழுதும். அடுத்து மகன் உபுண்டுவைத் திறந்தால் அவருக்கு எட்டு மணி நேரம் முன்னால் தெரியும். அவரும் இத்தனை நாள் பேட்டரியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

8 ஜூன், இரவு 8.15

எந்தப் பக்கத்தை மாற்றுவது என்று கேட்கிறீர்கள். லினக்ஸில் "டைம்டேட்சிடிஎல்" கட்டளையைக் கொண்டு மதர்போர்டுக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் அந்த அமைப்பு முழுமையாக ஆதரிக்கப்படவில்லை என்று அந்தக் கட்டளையே எச்சரிக்கும். கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அது உண்மையிலேயே தொல்லை. நமக்கு அந்த வழக்கம் இல்லாததால் இரண்டு வழியும் ஓடும்.

நான் விண்டோஸ் பக்கத்தைத்தான் மாற்றுவேன். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கேஎல்எம், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் என்று இறங்கி, அங்கே ரியல்டைம்ஈஸ்யுனிவர்சல் என்ற பெயரில் டிவேர்டு வகைப் பதிவு ஒன்றை உருவாக்கி அதற்கு 1 என்று மதிப்புக் கொடுங்கள். ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். கைவைப்பதற்கு முன் அந்தக் கிளையை ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் சண்டை தலைகீழாகத் தொடரும்.

10 ஜூன், இரவு 10.50

ஜூரோங்கிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: அவருடைய கணினி திங்கட்கிழமை காலைகளில் மட்டும் 2016க்குப் போகிறது, மற்ற நாளெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அவருக்குப் பேட்டரிதான். ஏன் திங்கட்கிழமை என்பதுதான் விளக்க வேண்டியது.

மேசைக் கணினியை அணைத்தாலும் சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை மின்வழங்கி ஐந்து வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரம் அதில்தான் ஓடும், பேட்டரிக்கு வேலையே இருக்காது. சுவர் சுவிட்சை அணைத்தால்தான் பேட்டரி பொறுப்பை ஏற்கும். வார நாளில் எல்லாரும் கணினியை மட்டும் அணைத்துவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை மாலை யாராவது மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்லாச் சுவிட்சுகளையும் தட்டிவிட்டுப் போவார்கள். செத்த பேட்டரி அப்போதுதான் பிடிபடும்.

எங்கள் பயிற்சி நிலையத்தில் இது ஆண்டுதோறும் சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு அரங்கேறும். நீண்ட விடுமுறை என்று மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து திறந்தால் ஒரு வரிசை முழுவதும் கணினிகள் பயாஸ் பிறந்த தேதியில் நிற்கும். உலாவி எந்த இணையதளத்தையும் திறக்காது, ஏனென்றால் அந்தத் தேதியில் அந்தத் தளங்களின் சான்றிதழ்கள் பிறந்திருக்கவே இல்லை. "இன்டர்நெட் போய்விட்டது" என்றுதான் எனக்கு அழைப்பு வரும்.

இணைய நேரம் இதைத் தானாகச் சரிசெய்யாதா என்று கேட்கலாம். தனிக் கணினியில் விண்டோஸ் நேரச் சேவை 54,000 நொடிக்கு மேல், அதாவது பதினைந்து மணி நேரத்துக்கு மேல், தவறு இருந்தால் நம்பாது. நேர வழங்கிதான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டிக்கொள்ளும். எட்டு மணி நேரம் அந்த எல்லைக்குள் அடங்குவதால்தான் கேட்டவரின் கணினி பதினைந்து நிமிடத்தில் சரியானது, இவருடையது சரியாகவில்லை. இந்தப் பதினைந்து மணி எல்லையை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

11 ஜூன், காலை 7.25

பேட்டரி மாற்றுவது பற்றிச் சிறு குறிப்பு. மதர்போர்டில் வழக்கமாக இருக்கும் சிஆர்2032 என்பது 20 மில்லிமீட்டர் அகலமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள 3 வோல்ட் பேட்டரி. முஸ்தஃபாவிலோ சிம் லிம்மிலோ கேட்டால் கொடுப்பார்கள். வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். குழந்தைகள் விழுங்காமலிருக்கச் சில நிறுவனங்கள் கசப்புப் பூச்சுப் பூசுகின்றன. அந்தப் பூச்சு தொடுமுனையை மறைத்துவிடலாம் என்பதால் பொருள்களைத் தேட உதவும் தன் ஏர்டேக் கருவியில் அத்தகைய பேட்டரி வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. மதர்போர்டின் பிடியிலும் தொடுமுனை மெல்லிய தகடுதான்.

பழையதைக் கழற்றியதும் பிடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ மாவு போலப் படிந்திருந்தால், காய்ந்த பல் துலக்கியால் தேய்த்து எடுத்த பிறகே புதியதைப் போடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது படிய அதிக நாள் ஆகாது. எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். கழற்றியதை மேசைமேல் விட்டுவைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடும்.

13 ஜூன், மாலை 6.10

கேட்டவரின் காலைப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இன்று நண்பகலில், உபுண்டு பக்கமே போகாமல், விண்டோஸில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தபோது தேதி ஆகஸ்டு மாத நடுவுக்குப் போய்விட்டது. தேசிய தினத்தையும் தாண்டிவிட்டதாக வருத்தப்படுகிறார். எழுபதாவது நிமிடத்தில் திரும்பி வந்ததாம்.

இதற்கு ஊகம் தேவையில்லை, சாட்சி இருக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் பதிவுகளில் சிஸ்டம் என்பதைத் தேர்ந்து, மூலம் கெர்னல்-ஜெனரல், எண் 1 என்று வடிகட்டுங்கள். நேரம் மாற்றப்பட்ட ஒவ்வொரு முறையும் ஒரு வரி இருக்கும்: எதிலிருந்து எதற்கு, என்ன காரணம், எந்த நிரல். வன்பொருள் கடிகாரத்தோடு ஒத்திசைக்கப்பட்டது என்று காரணம் எழுதியிருந்தால் மதர்போர்டுப் பக்கம் பாருங்கள். ஒரு நிரலோ அமைப்பின் பகுதியோ மாற்றியது என்று இருந்தால் வன்பொருளை விட்டுவிடலாம்.

13 ஜூன், இரவு 11.35

அவர் அனுப்பிய வரியில் இரண்டாவது காரணம்தான் இருக்கிறது, நிரலின் பெயர் எஸ்விசிஹோஸ்ட். பல சேவைகளுக்கு அது பொதுக் கூடாரம் என்றாலும், அதன் எண்ணைச் சேவைப் பட்டியலோடு ஒப்பிட்டபோது விண்டோஸின் நேரச் சேவையே வந்து நின்றது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

இதன் பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேட்டரி செத்த கணினிக்கு ஒரு சிக்கல் உண்டு: நேரம் சரியாக இருந்தால்தான் பாதுகாப்பான இணைப்பு அமையும், பாதுகாப்பான இணைப்பு இருந்தால்தான் நம்பகமான நேரம் கிடைக்கும். இதை உடைக்க மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10 காலத்தில் ஒரு வசதியைச் சேர்த்தது. நீங்கள் எந்தப் பாதுகாப்பான தளத்தைத் திறந்தாலும், அந்த வழங்கி முதலில் அனுப்பும் வணக்கச் செய்தியிலிருந்து நேரத்தைத் திருடிப் பார்க்கும் வசதி அது. பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் நெறிமுறையின் 1.2 பதிப்பு வரை அந்தச் செய்தியின் தற்செயல் பகுதியின் முதல் நான்கு பைட்டுகளில் வழங்கி தன் நேரத்தை எழுத வேண்டும் என்று நெறி இருந்தது. ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற பரவலான மென்பொருள்கள் அங்கும் தற்செயல் எண்ணையே நிரப்பின. 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3 அந்த நேரத்தை முற்றாக எடுத்தேவிட்டது. ஆக, நேரமல்லாத எண்ணை நேரமென்று படிக்கும் வாய்ப்பு இருக்கிறது. ஒரே ஓர் எண்ணை நம்பாமல் பலவற்றை ஒப்பிட்டே அந்த வசதி முடிவெடுக்கிறது, இருந்தும் எப்போதாவது தற்செயல் எண்கள் ஒத்துப்போய்விடுகின்றன. அப்போது கடிகாரம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தாவும். 2023 ஆகஸ்டில் பல நாட்டு நிர்வாகிகளின் புகார்கள் செய்தியாகவே வந்தன.

நிறுத்தும் வழி: அதே ரெஜிஸ்ட்ரியில் கரன்ட்கன்ட்ரோல்செட்டின் கீழ் சர்வீசஸ், டபிள்யூ32டைம், கான்ஃபிக் என்ற இடத்தில் யுட்டிலைஸ்எஸ்எஸ்எல்டைம்டேட்டா என்ற பதிவின் மதிப்பை 0 ஆக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இது வழக்கமான இணைய நேரத்தை நிறுத்தாது. அந்த வேலை யுடிபி 123ஆம் வாயில் வழியாக வழக்கம்போல நடக்கும்.

14 ஜூன், காலை 9.00

இதை வாசித்த ஒருவர், கடிகாரம் திரும்பி வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறார். ஆகாது. எழுபது நிமிடம் ஆகஸ்டில் வாழ்ந்த கணினி சில தடயங்களை விட்டுச் செல்லும். அந்த நேரத்தில் சேமித்த கோப்புகளில் எதிர்காலத் தேதி பதிந்திருக்கும். காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருள் அவற்றைத் தேதி பார்த்தே ஒப்பிடுவதாக இருந்தால், நீங்கள் நாளை செய்யும் திருத்தத்தைப் பழையதென்று ஒதுக்கிவிடக்கூடும். உலாவியில் சில குக்கீகள் காலாவதியாகிச் சில தளங்களிலிருந்து வெளியேற்றப்பட்டிருப்பீர்கள். அப்போது அனுப்பிய மின்னஞ்சல் பெறுநரின் பெட்டியில் வாரக்கணக்கில் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கும். தேதி வரிசையில் அடுக்கி, வருங்காலக் கோப்புகளைத் திறந்து மறுபடி சேமித்துவிடுங்கள்.

15 ஜூன், பிற்பகல் 3.20

உட்லண்ட்ஸ் வாசகி ஒருவரின் மடிக்கணினி வீட்டில் இருக்கும்போது மட்டும் இரண்டரை மணி நேரம் பின்னால் போகிறது, அலுவலகத்தில் சரியாக இருக்கிறது. அவருக்கு ரெஜிஸ்ட்ரி எதுவும் வேண்டாம். வீட்டில் ஓடுவது சென்னையிலிருந்து கொண்டுவந்த வைஃபை ரவுட்டர். நேர மண்டலத்தைத் தானாக அமைக்கும் வசதி, சுற்றியுள்ள வைஃபை கருவிகளை வைத்தும் இடத்தைக் கணிக்கிறது. அந்த ரவுட்டர் இன்னும் சென்னையில் இருப்பதாகத் தரவுத்தளத்தில் பதிவாகியிருந்தால், இவரும் சென்னையில்தான். தானாக அமைப்பதை அணைத்துவிட்டுக் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்ற மண்டலத்தைக் கையால் தேர்ந்தெடுத்தால் போதும்.

இந்த வகையில் உள்ளே ஓடும் யுடிசி நேரம் துளியும் கெடாது, காட்டும் முகம்தான் மாறும். அதனால் முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்கக் கடவுச்சொற்களைக் கணினியிலேயே உருவாக்கினாலும் அவை சரியாக வரும். உண்மையிலேயே கடிகாரம் தவறியிருந்தால் அவை ஏற்கப்படா. மண்டலமா கடிகாரமா என்று பிரித்தறிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

17 ஜூன், இரவு 9.30

"அரை மணி நேரம் தவறினால்?" என்று விளையாட்டாக ஒருவர் கேட்டார். விளையாட்டில்லை, அதுவும் இருக்கிறது. சிங்கப்பூர் யுடிசிக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருப்பது 1982இலிருந்துதான். 1905இல் ஏழு மணி, 1933இல் ஏழு மணி இருபது நிமிடம், 1941இல் ஏழரை, ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோவின் ஒன்பது, 1945இல் மறுபடி ஏழரை. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குக் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி நேரே 1982க்குள் நுழைந்தோம்.

லினக்ஸும் ஜாவாவும் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளம் இதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறது. விண்டோஸின் மண்டலம் எட்டை மட்டுமே அறியும். ஆகவே யூனிக்ஸ் நேரத்தின் பூச்சியத்தை, அதாவது யுடிசியில் 1970 ஜனவரி 1 தொடங்கும் நள்ளிரவை, சிங்கப்பூர் நேரத்தில் காட்டச் சொன்னால் லினக்ஸ் 1970 ஜனவரி 1 காலை 7.30 என்கும், எட்டு என்று சொல்லாது. ஒருமுறை உறுப்பினர் பட்டியல் ஒன்றை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினோம். மூத்தவர்கள் எல்லாருக்கும் பிறந்தநாள் ஒரு நாள் முந்திவிட்டது, இளையவர்கள் தப்பித்தார்கள். பழைய மென்பொருள் பிறந்த தேதியின் நள்ளிரவை எட்டு மணிக் கணக்கில் சேமித்திருந்தது, புதியது 1982க்கு முந்தையவற்றை ஏழரைக் கணக்கில் காட்டியது. நள்ளிரவு முந்தைய நாள் இரவு 11.30 ஆனது. பிறந்த தேதிக்கு நேரம் எதற்கு என்று அன்று கேட்ட மூதாட்டியின் கேள்விதான் சரியான தொழில்நுட்பத் தீர்வும்: தேதியைத் தேதியாக மட்டும் சேமிக்க வேண்டும்.

20 ஜூன், காலை 8.05

நம் ஊர் வெப்பத்தால் படிகம் கெட்டு நேரம் தாவுகிறது என்ற கருத்து மறுபடி வந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தப் படிகம் 25 பாகை செல்சியஸில் மிக வேகமாக ஓடுமாறு வெட்டப்படுகிறது; விலகும் ஒவ்வொரு பாகையின் வர்க்கத்துக்கும் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 0.034 பங்கு வேகம் குறையும். பெட்டிக்குள் 45 பாகை என்று வைத்துக்கொண்டாலும் பத்து லட்சத்தில் பதினான்கு பங்குகூட வராது, நாளுக்கு 1.2 நொடி தாமதம். மேலும் அது எப்போதும் மெதுவாகத்தான் ஓடச் செய்யும். ஆகஸ்டுக்குக் கொண்டுபோகும் வெப்பம் சிங்கப்பூரில் இல்லை.

24 ஜூன், இரவு 10.15

கேட்டவரின் பதிவில் இப்போது சிறு திருத்தங்கள் மட்டுமே வருகின்றன, எல்லாம் ஒரு நொடிக்கும் குறைவு. மதர்போர்டு பிழைத்துக்கொண்டது.

அவருடைய கடைசிக் கேள்வி: அந்த வசதியை அணைத்துவிட்டதால் இழப்பு உண்டா? உண்டு, ஓரிடத்தில். 10ஆம் தேதி சொன்ன பதினைந்து மணி எல்லையைத் தாண்டித் தவறும்போது கைகொடுக்கத்தான் அது உருவாக்கப்பட்டது. இனிப் பேட்டரி உண்மையிலேயே செத்தால், தேதியைக் கையால் கிட்டத்தட்டச் சரியாக வைத்துவிட்டுப் பிறகு இணைய நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். பேட்டரி புதிது என்பதால் அதற்குச் சில ஆண்டுகள் இருக்கின்றன.

விண்டோஸ் 10க்கான ஆதரவின் கடைசி நாள் 2025 அக்டோபர் 14 என்பதால் எப்படியும் 11க்கு மாறுவார் என நினைக்கிறேன். அதிலும் இதே வசதி இருக்கிறது. புதிதாக நிறுவினால் இரண்டு ரெஜிஸ்ட்ரி அமைப்புகளும் பழைய நிலைக்குப் போய்விடும், மகனின் உபுண்டு அப்படியே இருந்தால் எட்டு மணி நேரமும் திரும்ப வரும். நிறுவிய அன்றே இரண்டையும் மறுபடி அமைத்துவிடுங்கள்.